ஒன்பதாம் வகுப்பை மறுபடி படிக்க வைத்தால் எவ்வளவு செலவாகும்?

கேள்வி: ஈரோட்டில் தனியார் நிறுவன ஊழியர் நான். மகன் மெட்ரிக் பள்ளியில் ஒன்பதாவது முடித்து, 2026 ஜூனில் பத்தாவது போக வேண்டும். கணக்கிலும் அறிவியலிலும் திணறுகிறான். தேர்ச்சி கிடைத்துவிடும் என்றாலும், பத்தாவதில் தோற்றுவிடுவானோ என்று பயம். ஒன்பதாவதையே இன்னொரு வருடம் படிக்க வைக்கும்படி பள்ளியில் கேட்க நினைக்கிறோம். கட்டணம் ரூ.65,000, வேன் ரூ.18,000. மகள் ஆறாவது. மகனின் கல்லூரிக்காக மாதம் ரூ.6,000 எஸ்.ஐ.பி. (மியூச்சுவல் ஃபண்டில் மாதத் தவணை முதலீடு) போகிறது. 2029-ல் முதிரும் பாலிசி ஒன்றும் உண்டு. கட்டுப்படியாகுமா?

பதில்: கட்டணம், வேன், புத்தகம், சீருடை எல்லாம் சேர்த்து நேரடிச் செலவு ஒரு லட்சத்தை ஒட்டி வரும். பழைய வரி முறையில் இருந்தால் இதில் டியூஷன் ஃபீஸை மட்டும் 80சி வரிக்கழிவில் (2026 ஏப்ரலில் வந்த புதிய வருமான வரிச் சட்டத்தில் பிரிவு 123; மொத்த வரம்பு ரூ.1.5 லட்சம்) காட்டலாம். வேனுக்கும் நன்கொடைக்கும் அந்தச் சலுகை கிடையாது. புதிய முறையில் எதுவும் இல்லை. கல்லூரிக் கட்டணம் ஒரு வருடத்தில் ஏறும்தான். ஆனால் உங்கள் எஸ்.ஐ.பி.யும் ஒரு வருடம் கூடுதலாக வளரும் என்பதால் அதை ஏறக்குறைய ஈடுகட்டிவிடலாம். மகன் சம்பாதிக்கத் தொடங்குவதும் ஒரு வருடம் தள்ளும்.

பலரும் கவனிக்கத் தவறுவது இளையவளின் கணக்கை. இப்போதுள்ள நிலையில் மகன் 2029 முதல் 2033 வரை கல்லூரியில் இருப்பான், மகள் 2032-ல் சேர்வாள். நான்கு வருடப் படிப்பு என்றால் இருவருக்கும் சேர்த்துக் கட்டுவது ஒரே ஒரு வருடம்தான். மகன் ஒரு வருடம் பின்தங்கினால் 2033-34-லும் இரண்டு கட்டணம் வரும். அன்றைய விலையில் ஆளுக்கு ஆண்டுக்கு 2 லட்சம் என்று வைத்தால், அந்த வருடம் 2 லட்சத்துக்குப் பதிலாக 4 லட்சம் புரட்ட வேண்டும். மொத்தச் செலவு கூடிவிடவில்லை, ஒரே வருடத்தில் குவிகிறது, அவ்வளவுதான். ஆனால் தனிநபர் கடன் வாங்கும் நிலைக்குக் குடும்பங்கள் தள்ளப்படுவது இப்படிக் குவியும் வருடங்களில்தான். மகள் பெயரில் இன்றிலிருந்து மாதம் ரூ.1,700 தனியாகப் போட்டு, ஆண்டுக்கு 10 சதவீதம் வளர்ச்சி கிடைத்தால் ஏழு வருடத்தில் அந்த 2 லட்சம் சேரும். இந்த ரூ.1,700-ஐ ஒதுக்க முடியாதென்றால் திட்டத்தையே மறுபரிசீலனை செய்யுங்கள்.

நீங்கள் பயப்படும் தோல்வியின் விலையையும் பார்ப்போம். மாநிலப் பாடத்திட்டத்தில் பத்தாவதில் ஒரு பாடத்தில் தவறினால் அந்தப் பாடத்தை மட்டும் துணைத் தேர்வில் எழுதலாம். தேறினால் அதே ஆண்டில் பதினொன்றில் சேர வழி உண்டு. அதாவது, நடக்காமலும் போகக்கூடிய ஒரு இழப்புக்குப் பயந்து, நிச்சயமான ஒரு வருடத்தையும் ஒரு லட்சத்தையும் முன்கூட்டியே கொடுக்கப் பார்க்கிறீர்கள். நீண்ட நோய், பயிற்று மொழி மாற்றம் போன்ற காரணத்தால் பாடங்களே விடுபட்டுப் போயிருந்தால் ஒரு வருடம் கொடுப்பது நியாயம். வெறும் மதிப்பெண் பயத்துக்கு நான் சம்மதிக்க மாட்டேன். அதே ஆசிரியர், அதே புத்தகம், அதே முறை என்றால் இரண்டாவது வருடம் மட்டும் என்ன மாறிவிடும்?

முதலில் கோடை விடுமுறையில் ஏழாம், எட்டாம் வகுப்புக் கணக்கிலிருந்து எங்கே ஓட்டை என்று கண்டுபிடிக்கும் தனிப் பயிற்சிக்கு ரூ.25,000 ஒதுக்குங்கள். வாசிப்பதிலோ எழுதுவதிலோ சிக்கல் தெரிந்தால் டிஸ்லெக்சியா பரிசோதனை செய்யுங்கள். மருத்துவச் சான்றுடன் தலைமை ஆசிரியர் வழியாக முன்கூட்டியே விண்ணப்பித்தால் பொதுத்தேர்வில் கூடுதல் நேரம் போன்ற சலுகைகள் கிடைக்கும்.

அப்படியும் மறுபடி படிக்க வைக்கத்தான் முடிவு என்றால், பத்தாவதின் முதல் தவணையைக் கட்டுவதற்கு முன் எழுத்தில் கேளுங்கள். எட்டாவது வரை தமிழ்நாட்டில் யாரையும் நிறுத்தி வைப்பதில்லை. ஒன்பதில் பள்ளியின் சம்மதம்தான் முக்கியம். எமிஸ் (பள்ளிக்கல்வித் துறையின் மாணவர் விவர இணையதளம்) பதிவில் அவனைப் பத்தாவதுக்கு ஏற்றிவிட்டார்களா என்று பார்த்துக்கொள்ளுங்கள். பிறகு திருத்துவது அலைச்சல். பள்ளி மாற்றுவதானால் மாற்றுச் சான்றிதழில் ‘பத்தாம் வகுப்புக்குத் தகுதி பெற்றார்’ என்று இருக்கும். அதை வைத்து ஒன்பதில் சேர்க்க புதிய பள்ளி தயாரா என்று சான்றிதழ் வாங்குவதற்கு முன்பே கேட்டுவிடுங்கள். தனியார் பள்ளிகளுக்கான அரசின் கட்டண நிர்ணயக் குழு நிர்ணயித்த தொகைக்கு மேல் கேட்டால் ரசீது கேளுங்கள்.

எஸ்.ஐ.பி.யை நிறுத்த வேண்டாம். கல்லூரி நெருங்கும்போது பங்கு ஃபண்டிலிருந்து ஏற்ற இறக்கம் குறைந்த கடன் பத்திர ஃபண்டுக்கு மாற்றும் தேதியை மட்டும் ஒரு வருடம் தள்ளுங்கள். 2029-ல் வரும் பாலிசிப் பணத்தை ஒரு வருட வைப்பு நிதியில் போடுங்கள். ஏஜென்ட் அதே பணத்துக்குப் புது பாலிசியுடன் வருவார், கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள்.