ஏ40 காருக்குப் பின்னால் நெல் ரெயிலர்: ஆட்டம் ஏன் வருகிறது?

புதுக்குடியிருப்பிலிருந்து பரந்தன் மில்லுக்கு ஒஸ்ரின் ஏ40 சோமர்செட்டில் நெல் இழுக்கும்போது, வேகம் 50ஐத் தாண்டினால் ரெயிலர் வாலாட்டுகிறது என்று கேட்டிருந்தீர்கள். இறக்கச் சுகம் என்று மூட்டைகளைப் பின்பக்கம் அடுக்குகிறீர்களே, முதல் காரணம் அதுதான். பாரத்தை அச்சுக்குக் கொஞ்சம் முன்னால் தள்ளுங்கள். ரெயிலரும் நெல்லும் சேர்ந்த மொத்த எடையில் பத்தில் ஒரு பங்கு, காரோடு ரெயிலரை மாட்டும் கொளுக்கியில் இறங்க வேண்டும். நெல் நிறுக்கிற தராசில் ரெயிலரின் மூக்கை வைத்தாலே தெரிந்துவிடும்: 450 கிலோவுக்கு 45 கிலோ அளவு.

அதற்கு மேல் ஏற்றவும் வேண்டாம். உங்கள் கார் ஏறக்குறைய ஒரு தொன், எஞ்சின் 1200 சிசி, நாலு சில்லுக்கும் டிரம் பிரேக். ரெயிலருக்குப் பிரேக் இல்லை. அடிக்கடி மிதித்தால் டிரம் சூடேறி, மிதித்தும் பிடிக்காது. பிரேக் எண்ணெய் பழசென்றால் உடனே மாற்றுங்கள்.

கொளுக்கியைப் பம்பரில் ஒட்டியிருந்தால் தயவுசெய்து கழற்றுங்கள். இந்தக் காருக்குத் தனிச் சேசிஸ் (உடலுக்குக் கீழே இருக்கும் இரும்புச் சட்டகம்) இருக்கிறது. அதன் இரண்டு சட்டத்திலும் போல்ட் போட்டு இறுக்க வேண்டும். கீழே இரண்டு சங்கிலி, குறுக்காக. கொளுக்கி கழன்றாலும் மூக்கு வீதியில் குத்தாது.

ஆட்டம் வந்துவிட்டால் பிரேக்கை அமத்தாதீர்கள், வெட்டித் திருப்பவும் வேண்டாம். ஸ்டியரிங்கை நேராகப் பிடித்து அக்சிலேட்டரை மெல்ல விடுங்கள், தானாக அடங்கும்.

அப்புறம், ரெயிலருக்குப் பின் லைட்டும் சிக்னலும் கட்டாயம். ஆனாலும் இரவில் இழுக்காதீர்கள். அந்த வீதியில் மாடுகள் நடுவிலேயே படுத்திருக்கும், பாரத்தோடு அவ்வளவு கிட்டத்தில் நிறுத்த இந்தப் பிரேக்கால் முடியாது.