மூன்று கியூபில் ஒன்று மட்டும் 9.5 வந்தால்

வணக்கம் சார். மடிப்பாக்கம் வீட்டுத் தளத்துக்கு எம்20 கான்கிரீட் (28ஆம் நாளில் சதுர மி.மீ.க்கு 20 நியூட்டன் தாங்க வேண்டியது) போட்டு, ஏழாம் நாள் கியூப் டெஸ்டில், அதாவது அதே கான்கிரீட்டில் வார்த்த கட்டிகளை மெஷினில் அழுத்தி உடைக்கும் சோதனையில், 14.2, 13.8, 9.5 நியூட்டன் வந்ததாக எழுதியிருந்தீர்கள். ‘சராசரி 12.5 இருக்கிறது, சென்ட்ரிங்கைப் பிரிக்கலாம்’ என்கிறாராம் மேஸ்திரி. பிரிக்க விடாதீர்கள்.

கான்கிரீட்டுக்கான இந்தியத் தரவிதி ஐஎஸ் 456 படி எந்தக் கியூபும் சராசரியிலிருந்து 15 சதவீதத்துக்கு மேல் விலகக் கூடாது. உங்கள் 9.5 விலகியிருப்பது 24 சதவீதம். அந்த ரிசல்ட்டே செல்லாது, அப்புறம் அதில் சராசரி என்ன வேண்டியிருக்கிறது?

அதற்காகக் கான்கிரீட்டே மோசம் என்றும் முடிவு கட்ட வேண்டாம். உடைந்த கியூபை லேபில் கேட்டுப் பாருங்கள். கரணையால் தேய்த்த முகம் கொஞ்சம் மேடுபள்ளமாகத்தான் இருக்கும். அதை மேலே வைத்து அழுத்தினால் பாரம் ஓரிரு இடத்தில் மட்டும் இறங்கி, ஒரு மூலை சிதறிவிடும். சரியாக அழுத்திய கியூப் நாலு பக்கமும் உதிர்ந்து, நடுவில் உடுக்கை மாதிரி நிற்கும். தண்ணீரில் போடாமல் நம்ம ஊர் வெயிலில் மொட்டை மாடியில் கிடந்த கியூபும் குறைத்துத்தான் காட்டும்.

மீதிக் கியூப்கள் இருந்தால் 28ஆம் நாள் உடையுங்கள். 150 மி.மீ. கியூபில் 20 நியூட்டன் என்றால் மொத்தப் பாரம் ஏறக்குறைய 46 டன். அதுவும் தேறாவிட்டால் தளத்திலேயே கோர் (உருளைத் துண்டு) வெட்டிச் சோதிக்கலாம்: அந்த வயதுக்கு வேண்டிய கியூப் வலிமையில் சராசரி 85 சதவீதம் வர வேண்டும், எந்தக் கோரும் 75க்குக் கீழே போகக் கூடாது. ரீபவுண்ட் ஹேமரை (கான்கிரீட்டில் தட்டி, எவ்வளவு எகிறுகிறது என்று பார்க்கும் கருவி) மட்டும் நம்ப வேண்டாம், அது மேல்தோலைத்தான் சொல்லும். அதுவரை முட்டு அப்படியே நிற்கட்டும். வாடகை கொஞ்சம் கூடும், பரவாயில்லை.