பழுப்புக் கிண்ணம் மரக்காது இல்லை

கேள்வி: மழை விட்ட மறுநாள் அஞ்செட்டி பக்கம் மாடு ஓட்டிப்போன என் தம்பி, காட்டு மண்ணில் ஒட்டிக்கொண்டிருந்த பழுப்பு நிறக் கிண்ணம் ஒன்றை எடுத்து வந்தான். குடையும் இல்லை, காம்பும் இல்லை. தொட்டால் உடைகிறது, எடுக்கும்போது புகை மாதிரி ஏதோ கிளம்பியதாம். பாட்டி இதை மரக்காதுக் காளான் என்கிறார், குழம்பு வைக்கலாம் என்கிறார். இது என்ன?
- வாசகி, தேன்கனிக்கோட்டை

பதில்: முதலில் குழம்பை நிறுத்துங்கள், மற்றதை அப்புறம் பேசலாம். மரக்காது செத்த மரத்தில் வரும், ரப்பர் மாதிரி வளையும், காய்ந்து சுருங்கிக் கிடந்தாலும் தண்ணீரில் போட்டால் மறுபடி உப்பிக்கொள்ளும். உங்களுடையது மண்ணில் முளைத்திருக்கிறது, விரல் பட்டதும் உடைகிறது. இது கிண்ணப் பூஞ்சை.

அந்தப் புகையைத் தம்பி கவனித்தது எனக்கு ரொம்பப் பிடித்தது. கிண்ணத்தின் உட்பக்கம் முழுக்க, கண்ணுக்குத் தெரியாத நீளமான பைகள் நெருக்கியடித்து நிற்கும், ஒவ்வொன்றிலும் பொதுவாக 8 வித்துகள், அதாவது பூஞ்சை பரவுவதற்கான நுண்துகள்கள். உள்ளே தண்ணீர் அழுத்தம் ஏறி விறைத்து நிற்கிற நேரத்தில் கையோ காற்றோ பட்டால் போதும், ஏராளமான பைகள் ஒரே சமயத்தில் திறந்து வித்துகளை மேலே வீசிவிடும், அதுதான் புகையாகத் தெரிகிறது. அமைதியான இடத்தில் காதைக் கிட்டே கொண்டுபோனால் சில சமயம் 'உஸ்' என்று சத்தம்கூடக் கேட்கும்.

பெயர் என்றால், பெசைசா என்ற பேரினத்தைத்தான் முதலில் நினைப்பேன். அதற்கு மேல் நீங்கள் அனுப்பிய படத்தை மட்டும் பார்த்துச் சொல்ல முடியாது. பழுப்புக் கிண்ணங்கள் பல இனம், எல்லாம் கூடப்பிறந்தவை மாதிரி இருக்கும். வித்தின் மேல்தோல் வழவழப்பா, சொரசொரப்பா என்று நுண்ணோக்கியில் பார்க்க வேண்டும். பெசைசாவில் பையின் நுனி அயோடின் பட்டால் நீலமாகும், அது நல்ல அடையாளம். பக்கத்துக் கல்லூரியின் தாவரவியல் துறையில் கேட்டுப்பாருங்கள், பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள்.

கொண்டுபோவதற்கு முன் ஒரு துண்டை உடைத்துப் பாருங்கள், சிலவற்றில் உடைந்த இடம் மஞ்சளாகும். உள்நிறம், வெளிநிறம் இரண்டையும் ஈரமாக இருக்கும்போதே குறித்துக்கொள்ளுங்கள், காய்ந்தால் மாறிவிடும். பிளாஸ்டிக் பையில் போட்டால் ஒரே நாளில் அழுகிப்போகும், காகிதத்தில் மடித்து வையுங்கள்.

சரி, சாப்பிடலாமா? வேண்டாம். இந்தக் கூட்டத்தில் பச்சையாகத் தின்றால் வயிற்றைக் கெடுப்பவை உண்டு, இனமே தெரியாததைச் சமைத்துப் பார்ப்பதும் ஆபத்து. பூண்டு கறுக்கிறதா, வெள்ளிக்காசு கறுக்கிறதா என்று பார்க்கும் பழக்கம் நம் ஊர்ப்பக்கம் இன்னும் இருக்கிறது, அதை நம்பவே நம்பாதீர்கள். உயிரைக் குடிக்கும் காளான் விஷத்திலும் பூண்டு வெள்ளையாகவே இருக்கும், கொதிக்க வைத்தாலும் அந்த விஷம் போகாது. பாட்டிக்குப் புற்றுக்காளான் நன்றாகத் தெரிந்திருக்கும், அந்த அனுபவம் இந்தக் கிண்ணத்துக்கு உதவாது என்று பக்குவமாகச் சொல்லுங்கள்.

தம்பியிடம் ஒன்று கேட்டு எழுதுங்கள்: அது வெறும் மண்ணா, சாணத்தை ஒட்டியா, இல்லை தீப்பட்ட கரிமண்ணா? எரிந்த இடத்தில் மட்டுமே வரும் கிண்ணங்கள் தனியாக இருக்கின்றன.