அம்மாவின் மாத்திரைக் கணக்கு

அன்புள்ள ஐயா,

வலி மாத்திரைகள் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்தேன். அம்மாவுக்கு 71 வயது, முழங்கால் தேய்மானம். 650 மில்லிகிராம் பாரசிட்டமால்தான் அவருக்குத் துணை. வழக்கமாக ஒரு நாளைக்கு மூன்று, வலி தாங்காத நாளில் ஏழு வரைகூடப் போட்டுவிடுகிறார். அளவு மீறிய பாரசிட்டமாலிலிருந்து கல்லீரலை மஞ்சளின் குர்குமினும், மில்க் திசில் செடியின் சிலிமரினும் காப்பாற்றுவதாக ஓர் ஆய்வுச் செய்தி படித்தேன். அந்தக் கேப்சூலையும் சேர்த்துக் கொடுத்தால் பயமில்லாமல் இருக்கலாமா?

வி.

அன்புள்ள வி.,

முதலில் கணக்கைப் பார்த்துவிடுவோம். ஏழு மாத்திரை என்றால் 4,550 மில்லிகிராம். நல்ல உடல்நிலையில் இருக்கிறவர்களுக்கே ஒரு நாளின் உச்சவரம்பு 4,000தான். வயதானவர், மெலிந்தவர், சரியாகச் சாப்பிடாதவர் என்றால் மருத்துவர்கள் அதையும் குறைப்பார்கள். அதனால் கேப்சூலை நம்பிப் பயமில்லாமல் இருக்க முடியாது. ஆனால் நீங்கள் படித்த செய்தி பொய்யும் இல்லை. அதனால்தான் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

விழுங்கிய பாரசிட்டமாலில் பெரும்பகுதியைக் கல்லீரல் பக்குவமாக மாற்றிச் சிறுநீரில் அனுப்பிவிடும். நூற்றில் ஐந்து முதல் பத்து பங்கு மட்டும் வேறு வழியில் போய் நாப்கி என்ற நச்சாக மாறுகிறது. செல்லுக்குள் இருக்கும் குளுட்டாதயோன் அதை உடனே பிடித்து அடக்கிவிடும். அளவு மீறினால் நாப்கி குவியும், குளுட்டாதயோன் தீர்ந்துபோகும். அப்புறம் அந்த நச்சு, செல்லுக்கு ஆற்றல் தரும் மைட்டோகாண்ட்ரியாவின் புரதங்களில் போய் ஒட்டிக்கொள்கிறது, செல் செத்துப்போகிறது. அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவன ஆய்வாளர்கள் குளுட்டாதயோன் தீர்ந்ததும் நச்சு கல்லீரல் புரதங்களில் ஒட்டுவதை 1973-லேயே சுண்டெலிகளில் காட்டிவிட்டார்கள்.

இனி செடிக்கு வருவோம். குர்குமின், நிலவேம்பின் ஆண்ட்ரோகிராஃபோலைடு, பிராக்கோலியின் சல்ஃபோராஃபேன் எல்லாம் இந்த ஆய்வுகளில் அடிக்கடி வரும் பெயர்கள். சோதனை பெரும்பாலும் இப்படித்தான் நடக்கும்: சுண்டெலிக்குச் சில மணி நேரமோ சில நாட்களோ முன்பே செடிச்சத்தைக் கொடுத்துவிடுவார்கள். பிறகு இரவு முழுக்கப் பட்டினி போட்டு, காலையில் உடல் எடையில் கிலோவுக்கு 300 மில்லிகிராம் கணக்கில் பாரசிட்டமால் ஊசி. மறுநாள் கல்லீரலை மெல்லிய சீவலாக அறுத்து, சாயமேற்றி, நுண்ணோக்கியில் பார்ப்பார்கள். வெறும் பாரசிட்டமால் போட்ட எலியில், கல்லீரலின் ஒவ்வொரு மையச் சிரையையும் (சிறு ரத்தக்குழாய்) சுற்றி வெளிறிய வளையம் தெரியும். அந்த வளையம் முழுக்கச் செத்த செல்கள். செடிச்சத்து வாங்கிய எலியில் அதே வளையம் குறுகியிருக்கும், சில இடத்தில் இல்லாமலே போயிருக்கும். பார்த்தால் மனசு துள்ளும்தான்.

ஆனால் கடிகாரத்தைக் கவனியுங்கள். செடி முதலில், நஞ்சு பிறகு. இந்தப் பொருட்களில் பல, செல்லின் தற்காப்பு மரபணுக்களைத் தட்டி எழுப்பி குளுட்டாதயோன் உற்பத்தியைக் கூட்டுகின்றன. அதற்கு மணிக்கணக்கில் நேரம் வேண்டும். அளவு மீறிப் போட்டுவிட்டு ஓடிவரும் மனிதருக்கு அந்த நேரம் ஏது? இன்னொரு சிக்கலும் உண்டு. குர்குமின் போன்றவை தண்ணீரில் சரியாகக் கரையாது, டி.எம்.எஸ்.ஓ. என்ற திரவத்தில் கரைத்துக் கொடுப்பது வழக்கம். அந்தத் திரவமே நாப்கி உண்டாவதைத் தடுக்கும்! திரவத்தை மட்டும் கொடுத்த எலிகளோடு ஒப்பிடாத ஆய்வில், எலியைக் காப்பாற்றியது எது என்று சொல்லவே முடியாது.

சிலிமரினுக்கு இவ்வளவு பேர் கிடைக்க ஒரு காரணம், அதன் முக்கியப் பகுதியான சிலிபினினை ஐரோப்பாவில் விஷக் காளான் சாப்பிட்டவர்களுக்கு ஊசியாகப் போடுவது. காளான் நஞ்சு கல்லீரல் செல்லுக்குள் நுழையும் வாசலை அது அடைக்கிறது. பாரசிட்டமாலுக்கு அந்த வாசல் தேவையே இல்லை. அப்புறம், மஞ்சள் சத்தைச் செறிவாக்கி, மிளகின் பைப்பரினும் சேர்த்து வரும் கேப்சூல்களாலேயே சிலருக்குக் கல்லீரல் கெட்ட சம்பவங்கள் மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கின்றன. ஏற்கெனவே சுமை தூக்கும் கல்லீரலில் அதையும் ஏற்ற வேண்டாம்.

நிரூபணமான நச்சுமுறி மருந்து ஒன்று கையில் இருக்கிறது: என்-அசிட்டைல்சிஸ்டீன். சளியை இளக்கக் கொடுக்கும் அதே மருந்துதான். தீர்ந்த குளுட்டாதயோனை மறுபடி செய்ய மூலப்பொருள் தருகிறது. ஒரே தடவையில் அளவு மீறியவருக்கு எட்டு மணி நேரத்துக்குள் தொடங்கினால் கல்லீரல் பெரும்பாலும் தப்பிவிடும். தாமதமானாலும் பயனுண்டு. கொடுமை என்னவென்றால், முதல் நாள் உடம்பு ஒன்றும் காட்டாது. கொஞ்சம் குமட்டல், அவ்வளவுதான். வலது விலாவுக்குக் கீழே வலி வருவதற்குள் ஒரு நாள், இரண்டு நாள் போயிருக்கும்.

சரி, அம்மாவுக்கு என்ன செய்யலாம்? வீட்டில் இருக்கும் எல்லா மாத்திரை அட்டைகளையும் எடுத்துப் பின்பக்கம் படியுங்கள். சளி, காய்ச்சல் மாத்திரைகள் பலவற்றில் பாரசிட்டமால் ஒளிந்திருக்கும். அதையும் கணக்கில் சேருங்கள். இந்த வாரமே மருத்துவரிடம் கூட்டிப்போய் ஏழு மாத்திரை விஷயத்தை மறைக்காமல் சொல்லுங்கள், கல்லீரல் நொதிகளுக்கு ரத்தப் பரிசோதனை கேளுங்கள். வாந்தியோ விலா வலியோ கண் மஞ்சளோ தெரிந்தால், அல்லது நேற்றோ இன்றோ ஒரே நாளில் ஏழு போட்டிருந்தால், வாரம் முடியும்வரை காத்திருக்க வேண்டாம், உடனே அவசரப் பிரிவுக்குப் போங்கள். முழங்காலுக்குத் தடவும் வலிக்களிம்பு, தொடைத் தசையை வலுவாக்கும் பயிற்சி இரண்டையும் பற்றி அதே மருத்துவரிடம் கேளுங்கள். மாத்திரை குறைய அது வழிவிடும். பரிசோதனை முடிவு வந்ததும் எனக்கு ஒரு வரி எழுதுங்கள்.