ஏழு மலைக்கு எத்தனை லிட்டர் தண்ணீர்?

கோவை வெள்ளியங்கிரியின் ஏழு மலைகளையும் ஏறும் சீசனை ஒட்டி வந்த வாசகர் கேள்விகளும் பதில்களும்

சித்ரா பௌர்ணமிக்கு ஏறப் போகிறோம். எனக்கு வயது 46, உட்கார்ந்தே பார்க்கும் வேலை. 'ஆறு கிலோமீட்டர்தானே, மூணு மணி நேரத்தில் மேலே போயிடலாம்' என்கிறார்கள் நண்பர்கள். முடியுமா? (ஈரோடு வாசகர்)

கிலோமீட்டரை வைத்துக் கணக்குப் போட்டதுதான் தப்பு. மலைக்கு வேறு கணக்கு. ஸ்காட்லாந்து மலையேற்றக்காரர் நெய்ஸ்மித் 1892-இல் சொன்ன சூத்திரம் இன்றும் கைகொடுக்கிறது: 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், அதோடு ஒவ்வொரு 600 மீட்டர் ஏற்றத்துக்கும் இன்னொரு மணி நேரம். அடிவாரமான பூண்டியிலிருந்து ஏழாம் மலைக்கு ஒரு வழி சுமார் 6 கிலோமீட்டர். ஏற்றம் ஆயிரம் மீட்டருக்குக் குறையாது. கூட்டிப் பார்த்தால் உங்கள் நண்பர்கள் சொன்ன அதே மூன்று மணி நேரம் வருகிறது. ஆனால் அது உடல் பழகியவருக்கு, எங்கும் நிற்காமல், கூட்டமே இல்லாத பாதையில். உங்களுக்கு ஏற 5 முதல் 6 மணி நேரம், இறங்க 4 என்று வைத்துக்கொள்ளுங்கள். இடையில் உட்காருவதையும் சேர்த்தால் 11, 12 மணி நேரம் ஆகும்.

பௌர்ணமியன்று நிலா வெளிச்சம் வசதிதான், கூட்டம்தான் வசதியில்லை. முன்னால் போகிறவர் நின்றால் நீங்களும் நிற்க வேண்டும். பின்னால் வருகிறவர் அவசரப்படுத்தினால் மூச்சு வாங்க வாங்க ஏற வேண்டும். வேண்டுதல் இல்லையென்றால் வாரநாள் ஒன்றில் போங்கள். இரவு 12 மணிவாக்கில் கிளம்பினால் விடியும்போது உச்சியில் இருக்கலாம், வெயில் ஏறுவதற்குள் பாதி தூரம் இறங்கிவிடலாம். வனத்துறை பொதுவாகப் பிப்ரவரி முதல் மே வரைதான் விடுகிறது. நேரக் கட்டுப்பாடு போட்டிருந்தால் அதுதான் முடிவு. அடிவாரம் யானை நடமாடும் காடு. தனியாகக் கிளம்பாதீர்கள், குறுக்குவழி தேடாதீர்கள்.

எல்லாரும் கவிழ்கிற இடம் முதல் மலை. ஒன்றுக்கொன்று உயரம் ஒவ்வாத, செங்குத்தான கல் படிகள். உற்சாகத்தில் விறுவிறுவென்று ஏறி, வெள்ளை விநாயகர் கோயிலுக்கு வரும்போதே தொடை நடுங்கும். ஏறும்போது பக்கத்தில் வருகிறவரிடம் ஒரு முழு வாக்கியம் பேசிப் பாருங்கள். பாதியில் மூச்சு அறுந்தால் வேகம் அதிகம் என்று அர்த்தம். ஐம்பது படிக்கு ஒருமுறை அரை நிமிடம் நில்லுங்கள். நின்றால் போதும், உட்கார வேண்டாம். உட்கார்ந்து எழுந்தால் தொடை இறுகிக்கொள்ளும்.

எவ்வளவு தண்ணீர் தூக்க வேண்டும்? (திருப்பூர் வாசகர்)

மணிக்கு அரை லிட்டர் என்றால் மொத்தம் ஐந்து, ஆறு லிட்டர் ஆகிறது. அத்தனையையும் முதுகில் ஏற்றுவது மடமை. இரண்டு லிட்டர் எடுத்துக்கொண்டு, வழியில் பாம்பாட்டிச் சுனை, கைதட்டிச் சுனையில் நிரப்பிக்கொள்ளலாம். கோடை முற்றினால் சுனை நூலாகத்தான் வடியும், ஒரு பாட்டில் நிறைய நேரம் பிடிக்கும். அதனால் கடைசிச் சொட்டு வரை காத்திருக்காமல், பாதி காலியானதுமே நிரப்புங்கள்.

வியர்வையோடு உப்பும் போகிறது. வெறும் தண்ணீரை மட்டும் லிட்டர் லிட்டராகக் குடித்தால் ரத்தத்தில் சோடியம் நீர்த்துப்போய் தலைவலி, குமட்டல், தடுமாற்றம் வரும். அதைத் தாகம் என்று நினைத்து இன்னும் குடிப்பவர்கள் உண்டு. ஓ.ஆர்.எஸ். பொட்டலம் இரண்டு வைத்திருங்கள். இல்லையென்றால் ஒரு லிட்டருக்கு ஆறு தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு, இரண்டும் தலைதட்டி. உப்பு அதற்கு மேல் போகக் கூடாது. கடலை மிட்டாய், பேரீச்சை, உப்புக்கடலை என்று மணிக்கு ஒரு கைப்பிடி. புளிசாதத்தை வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டு ஏறாதீர்கள்.

தண்ணீர் பாட்டிலுக்கு அடிவாரச் சோதனையில் ஸ்டிக்கர் ஒட்டி முன்பணம் வாங்குவார்கள். திரும்பக் காட்டினால் கிடைக்கும். எவர்சில்வர் பாட்டில் கொண்டுபோனால் இந்த வேலையே இல்லை.

ஏறுவது பரவாயில்லை. போன வருடம் இறங்கும்போதுதான் முழங்கால் போய்விட்டது, மூன்று நாள் மாடிப்படி இறங்க முடியவில்லை. ஏன்? (சேலம் வாசகர்)

ஏறும்போது முன்தொடைத் தசை சுருங்கி வேலை செய்கிறது. இறங்கும்போது அதே தசை நீண்டுகொண்டே உடம்பின் எடையைப் பிடித்து நிறுத்த வேண்டியிருக்கிறது. பிரேக் பிடித்தபடியே மலைப்பாதையில் இறங்கும் பஸ் மாதிரி. நுண்ணிய இழைகள் கிழிகின்றன. வலி மறுநாள் தொடங்கி இரண்டாம், மூன்றாம் நாள் உச்சத்துக்குப் போகும். தசை சோர்ந்த பிறகு அந்த அதிர்ச்சி நேராக மூட்டுக்கு இறங்குகிறது.

இதற்கு நடைப்பயிற்சி மட்டும் போதாது, இறங்கித்தான் பழக வேண்டும். கிளம்புவதற்கு நான்கு வாரம் முன்பிருந்து வாரம் மூன்று நாள்: வீட்டுப் படி ஒன்றில் ஒற்றைக் காலில் நின்று, மற்றக் காலின் குதிகால் கீழ்ப்படியைத் தொடும் வரை மூன்று வினாடி எண்ணி மெல்ல இறக்கி, மறுபடி நிமிர வேண்டும். காலுக்குப் பத்து வீதம் மூன்று சுற்று. மூட்டுக்குள் வலித்தால் நிறுத்திவிடுங்கள்.

அடுத்தது மூங்கில் தடி. அடிவாரத்தில் கையில் கிடைத்ததை எடுக்காதீர்கள். தோள் உயரம் இருக்க வேண்டும். தரையில் இரண்டு தட்டுத் தட்டிப் பாருங்கள். விரிசல் விட்டதென்றால் 'சலசல' என்று பிசிறடிக்கும். அடி முனை கணுவில் முடிந்திருந்தால் பிளக்காது. ஏறும்போது நடுவில் பிடியுங்கள், இறங்கும்போது மேல் நுனிக்குக் கையை ஏற்றுங்கள். முதலில் தடி கீழ்ப்படியில் ஊன்ற வேண்டும், எடை அதில் இறங்க வேண்டும், அப்புறம்தான் கால். பலர் காலை வைத்துவிட்டுத் தடியைப் பின்னால் இழுத்துக்கொண்டு வருவார்கள். அதற்குத் தடியே தேவையில்லை. முழங்காலை விறைப்பாக நீட்டி வைக்காமல் லேசாக மடக்கி வையுங்கள். உயரமான படியில் பக்கவாட்டில் திரும்பி இறங்குங்கள். வலிக்கிற கால் ஒன்று இருந்தால், இறங்கும்போது அது முதலில், ஏறும்போது நல்ல கால் முதலில்.

ஆறாம் மலையில் ஆண்டிச் சுனைக்கு இறங்கி, ஏழாம் மலைக்கு ஏறுகிறோம். திரும்பும்போது ஆறாம் மலை மறுபடி ஏற்றம். இதை மறந்து உச்சியிலேயே தெம்பைத் தீர்த்துவிடுகிறார்கள்.

வெறுங்காலா, ஷூவா? (பொள்ளாச்சி வாசகர்)

வேண்டுதல் என்றால் அது உங்கள் விருப்பம். ஆனால் பத்து மணிக்கு மேல் பாறை சுடும். சர்க்கரை நோயாளிகள் வெறுங்காலில் ஏறவே கூடாது, காலில் உணர்ச்சி மங்கியிருந்தால் கிழிந்ததே தெரியாது. ஷூ என்றால் பழகிய ஷூ. நகத்தை மூன்று நாள் முன்பே வெட்டுங்கள். இறங்கும் முன் ஷூ கயிற்றைக் கணுக்காலருகே இறுக்கிக் கட்டினால் விரல் முன்னால் போய் இடிக்காது.

அப்பாவுக்கு 62 வயது, பி.பி., சர்க்கரை இரண்டும் உண்டு. கூட்டிப் போகலாமா? (தாராபுரம் வாசகர்)

மருத்துவர் பார்த்துச் சரி என்று சொல்லாமல் கூடாது. பி.பி. மாத்திரைகளில் சில நாடித் துடிப்பை ஏறவிடாது, அதனால் நாடியைப் பார்த்துக் களைப்பை அளக்க முடியாது. சில சிறுநீரை அதிகமாக்கும், அன்றைக்கு உடம்பில் நீர் சீக்கிரம் வற்றும். சர்க்கரை மாத்திரை போட்டுக்கொண்டு பத்து மணி நேரம் நடந்தால் சர்க்கரை சட்டென்று இறங்கலாம். குளுக்கோஸ் அவர் சட்டைப் பையில் இருக்கட்டும், உங்கள் பையில் அல்ல. அளவை எப்படி மாற்றுவது என்று மருத்துவரிடமே கேளுங்கள்.

நெஞ்சில் பாரம், தாடைக்கோ இடது கைக்கோ பரவும் வலி, குளிர்ந்த வியர்வை, நின்றும் அடங்காத மூச்சிரைப்பு: இதில் ஒன்று வந்தாலும் உட்கார வையுங்கள். 'மெதுவா நடந்து இறங்கிடலாம்' என்று நடக்க விடாதீர்கள், தூக்கித்தான் இறக்க வேண்டும். உடனே கீழே தகவல் போகட்டும்.

மேலே குளிருமா? (மதுரை வாசகர்)

குளிரும். ஆயிரம் மீட்டருக்கு ஆறு டிகிரி போலக் குறையும், ஐந்தாம் மலைக்கு மேல் காற்றும் சேரும். நனைந்த பனியனோடு உட்கார்ந்தால் பல் கிட்டும். உலர்ந்த சட்டை ஒன்றை மெழுகுத் துணியில் சுற்றி எடுத்துப் போங்கள். ஆண்டிச் சுனையில் குளிப்பதானால் சீக்கிரம் முடித்துத் துவட்டி, அந்தச் சட்டையை மாட்டிக்கொண்டு நடங்கள். அடுத்து வருவது செங்குத்து.