13 நாள் வாடகைக்கு எது சரியான பில்?

கேள்வி: கட்டுமானச் சாமான் வாடகைக்கடை வைத்திருக்கிறேன். மிக்ஸர் மெஷினுக்கு நாள் வாடகை 900, வாரம் 4,500, மாதம் 14,000 ரூபாய். 13 நாளுக்குக் கணினி 9,900 என்று பில் போடுகிறது. நோட்டில் எழுதிய காலத்தில் 9,000தான் வாங்குவேன். எங்கே தவறு?

பதில்: நோட்டுக் கணக்குதான் சரி. மென்பொருள் 13 நாளை ஒரு வாரம், ஆறு நாள் என்று பிரித்து, 4,500 உடன் 5,400-ஐக் கூட்டியிருக்கிறது. அந்த ஆறு நாளுக்கே வார வாடகை போட்டால் 4,500தானே? மிச்ச நாளின் தொகை வார வாடகையைத் தாண்டக் கூடாது என்ற உச்சவரம்பை அமைப்பில் யாரும் போட்டு வைக்கவில்லை. அதைப் போட்டால் ஐந்தாவது நாளிலேயே தொகை 4,500-ல் நின்று, எட்டாவது நாள்தான் மறுபடி ஏறும். வாரத்துக்கும் மாதத்துக்கும் இடையிலும் இதே வரம்பு வேண்டும். மூன்று வாரம் 13,500. 22-வது நாள் 14,400 ஆகக் கூடாது, 14,000-ல் நிற்க வேண்டும். அமைப்பை மாற்றியதும் 4, 6, 13, 22, 24 நாளுக்கு மாதிரி பில் போட்டுப் பாருங்கள். 24 நாளுக்கு 14,000-க்கு மேல் வந்தால் மாத வரம்பு வேலை செய்யவில்லை என்று அர்த்தம்.

மென்பொருள் ஒரு நாளை எப்படி எண்ணுகிறது என்பதையும் பாருங்கள். திங்கள் காலை 10 மணிக்கு எடுத்த வைப்ரேட்டர் (கான்கிரீட்டை அதிரவைத்து இறுக்கும் கருவி) செவ்வாய் 11 மணிக்குத் திரும்பினால் 25 மணி நேரம். சலுகை நேரம் கொடுக்காவிட்டால் இரண்டு நாள் வாடகை விழும். இரண்டு மணி நேரமாவது விட்டு வையுங்கள். ஒரு மணி நேரத்துக்காக மேஸ்திரியோடு வாக்குவாதம் செய்வது கடைக்கு நல்லதல்ல.

கேள்வி: 100 சென்டரிங் ஷீட் (கான்கிரீட் போட அடியில் தாங்கும் தகடு) வாடகைக்குப் போகிறது, பாதி பாதியாகத் திரும்பி வருகிறது. பில்லில் அதற்கு ஒரே வரி (ஒரே பதிவு)தான் இருக்கிறது. என்ன செய்வது?

பதில்: ஒரே வரியாக விட்டால் வாடிக்கையாளருக்கு நஷ்டம். ஷீட்டுக்கு நாளுக்கு 3 ரூபாய் என்று வைப்போம். 40 ஷீட் ஆறு நாளில் வந்துவிட்டது, 60 ஷீட் பத்தாம் நாள் வந்தது. 40×6×3 = 720; 60×10×3 = 1,800; மொத்தம் 2,520. ஒரே வரியில் 100×10×3 என்று போட்டால் 3,000. 480 ரூபாய் கூடுதல். ஆகவே ஒவ்வொரு தடவை சரக்கு திரும்பும்போதும் எண்ணிக்கையைத் திருத்தாதீர்கள். பழைய வரியை அந்தத் தேதியோடு முடித்து, மிச்ச ஷீட்டுக்குப் புது வரி திறக்க வேண்டும். எண்ணிக்கையை மட்டும் 60 ஆக்கினால் அந்த 40 ஷீட்டின் ஆறு நாள் வாடகை காணாமல் போய்விடும்.

கேள்வி: தள்ளுபடி, வண்டி வாடகை, முன்பணம்: ஜி.எஸ்.டி. எதன் மேல்?

பதில்: பில்லிலேயே காட்டும் தள்ளுபடியைக் கழித்த பிறகுதான் வரி. மேலே சொன்ன 2,520-ல் 10 சதவீதம் கழித்தால் 2,268. 18 சதவீத வரி 408.24. ஏற்றுக்கூலி, வண்டி வாடகை பில்லில் தனிப் பதிவுகளாக, தள்ளுபடி சேராதபடி இருக்கட்டும். திருப்பித் தரும் முன்பணத்தைப் பில்லில் ஒரு பொருள் போலப் பதிவு செய்யவே கூடாது. அப்படிச் செய்தால் 5,000 ரூபாய் முன்பணத்துக்கு 900 ரூபாய் வரி விழுந்துவிடும். முன்பணத்தை வாடகையில் நேர் செய்யும்போதுதான், நேர் செய்த தொகை வரிக்குள் வரும்.