தோட்டத்தை விற்காதீங்க, அந்த நோட்டைப் பாருங்க

போன ஞாயிற்றுக்கிழமை மோகனூர் பக்கத்திலிருந்து ஒரு குடும்பம் என்னிடம் மேற்படிப்பு ஆலோசனை கேட்டு வந்திருந்தது. அப்பா, அம்மா, பிளஸ் டூ முடித்த மகள், பேசுவதற்கென்றே கூட வந்த பெரிய மாமா. முட்டைக்கோழிப் பண்ணை வைத்திருக்கிறார்கள். நீட் மதிப்பெண் அரசு இடத்துக்கு எட்டவில்லை. மாமா ஒரு நிகர்நிலைப் பல்கலைக்கழகத்தில் எம்.பி.பி.எஸ். இடம் பேசி வைத்துவிட்டார். வாய்க்கால் பாசனத்தில் இருக்கும் தோட்டத்தை விற்றால் போதுமாம். அம்மா அழுதார். "கவலைப்படாதீங்கம்மா" என்று தேற்றத்தான் ஆரம்பித்தேன். தோட்டம் என்ற சொல் வந்ததும் அந்தப் பேச்சை நிறுத்திவிட்டேன்.

"அம்மணி, உனக்கு என்ன பிடிக்கும்?" என்றேன். மாமா பதில் சொன்னார். மறுபடி அவளையே கேட்டேன். பையிலிருந்து ஒரு நோட்டை எடுத்து நீட்டினாள். முட்டை ஓட்டை வினிகரில் போட்டு, கரைய எவ்வளவு நேரமாகிறது என்று மணி போட்டு எழுதியிருந்தாள். ஒரு டம்ளரை அப்படியே விட்டிருக்கிறாள், இன்னொன்றைக் கலக்கிக்கொண்டே இருந்திருக்கிறாள். கலக்கியதில் சீக்கிரம் கரைந்திருக்கிறது. கீழே பென்சிலில் ஒரு வரி: "ஓட்டு மேல குமிழி ஒட்டிக்கிட்டு வினிகரைத் தடுக்குதா?" விடையை மட்டுமே மனப்பாடம் செய்யச் சொல்லும் பள்ளிகள் நிறைந்த நம் ஊரில், இந்தக் கேள்வி எப்படித் தப்பிப் பிழைத்தது என்று தெரியவில்லை.

அண்ணா, உங்கள் மகள் கேட்ட கேள்விக்குப் பின்னால் ஒரு தொழிலே இருக்கிறது. வெல்லம் காய்ச்சுகிற கொப்பரையை நீங்கள் பார்த்திருப்பீர்கள். ஒரு பக்கம் கொதிக்கும்போது இன்னொரு பக்கம் கொதிக்காது. துழாவிக்கொண்டே இருக்க வேண்டும், அசந்தால் அடிபிடித்துவிடும். மருந்தும் சாயமும் பெரும்பாலும் இப்படித்தான், ஆயிரக்கணக்கான லிட்டர் கொள்ளும் கொப்பரைகளில், தொகுதி தொகுதியாகத் தயாராகின்றன. வினை வேகமெடுத்தால் நடுவில் பிறக்கும் சூடு வெளியேற வழியில்லாமல் வெடிக்கவும் செய்யும். தோசைக்கல்லில் மெலிசாக இழுத்த மாவு அப்படியா? சூடு ஒரே நேரத்தில் எல்லா இடத்துக்கும் போய்விடுகிறது. வேதிப்பொருள்களையும் அதே மாதிரி மெல்லிய படலமாக்கி, ஒரு பக்கம் ஊற்ற ஊற்ற மறுபக்கம் விளைபொருள் வந்துகொண்டே இருக்கும்படி செய்வதுதான் மென்படலத் தொடர் ஓட்டக் கருவிகளின் வேலை.

அதில் ஒன்றை மட்டும் சொல்கிறேன். ஆஸ்திரேலியாவில் அடிலெய்டிலுள்ள ஃபிளிண்டர்ஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த வேதியியலாளர் காலின் ராஸ்டன் உருவாக்கிய வோர்டெக்ஸ் ஃப்ளூயிடிக் டிவைஸ். பார்த்தால் விரல் தடிமனில் ஒரு கண்ணாடிக் குழாய்தான். அதை 45 டிகிரி சாய்த்து நிமிடத்துக்குப் பல ஆயிரம் சுற்று சுற்றுவார்கள். அடியில் மெல்லிய குழல் வழியாகத் திரவங்கள் விழும். சுவரில் மில்லிமீட்டருக்கும் குறைவான படலமாகப் பரவி மேலேறி வாயில் வழிந்துவிடும். ஏறுவதற்குள் கலந்து, வினை முடிந்திருக்கும். உங்கள் பண்ணைக்கும் இதற்கும் சொந்தம் உண்டு. வேகவைத்த முட்டையின் வெள்ளைக்கருவை யூரியாவில் கரைத்து இதில் சுற்றி, சுருண்டு சிக்கிக் கிடந்த லைசோசைம் புரதத்தைச் சில நிமிடங்களில் பழைய வடிவத்துக்குக் கொண்டுவந்தார்கள். அந்த வேலைக்கு 2015-இல் இக் நோபல் பரிசு கிடைத்தது, முதலில் சிரிக்கவும் அப்புறம் யோசிக்கவும் வைக்கிற ஆய்வுகளுக்குத் தருகிற பரிசு அது. வெந்த முட்டை பச்சை முட்டையாகிவிட்டது என்று செய்தி போட்டார்கள், அவ்வளவெல்லாம் இல்லை. ஆனால் நாள் கணக்கில் ஆகிற வேலை நிமிடக் கணக்கில் முடிந்தது உண்மை.

தொழிற்சாலைக்காரர்கள் இதைக் கவனிக்கக் காரணம், ஆபத்தான சரக்கைக் குவித்து வைக்கவே தேவையில்லை என்பது. 1984-இல் போபாலில் ஒரே தொட்டியில் சுமார் 40 டன் மீதைல் ஐசோசயனேட் என்ற விஷச் சரக்கு இருந்தது. திருப்பூரில் துணிக்கு ஏற்றும் சாயங்களில் பலவும் அசோ வகை. அவற்றைச் செய்யத் தேவையான டயசோனியம் உப்பு சூடு பட்டால் சிதைந்துவிடும் என்பதால், அதை ஐஸ் போட்டு, 5 டிகிரிக்குக் கீழே, பயந்து பயந்து கையாள்வார்கள். ஓட்டக் கருவியில் கொஞ்சமாக உண்டாக்கி, உண்டான கையோடு அடுத்த வினையில் தீர்த்துவிடலாம். மருந்துகளின் தொடர் உற்பத்திக்கென்றே, மருந்து விதிகளை நாடுகளுக்குப் பொதுவாக வகுக்கும் ஐ.சி.எச். அமைப்பு 2022-இல் க்யூ13 என்ற வழிகாட்டுதலை இறுதி செய்தது.

ஒன்றை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். அந்தச் சுழலும் குழாயின் பெயரில் வேலை விளம்பரம் வராது. அது இன்னும் பெரும்பாலும் ஆய்வகக் கருவிதான். நிமிடத்துக்கு 1 மில்லி ஓட்டினால் நாள் முழுக்க ஓடினாலும் ஒன்றரை லிட்டர்கூடத் தேறாது. ஆலைகளில் இருப்பவை அதன் பங்காளிகளான குழாய், தகட்டு வகைக் கருவிகள். வேலையின் பெயர் புராசஸ் கெமிஸ்ட், புராசஸ் இன்ஜினியர் என்று இருக்கும். ஊரும் ஹைதராபாத், குஜராத்தில் வாபி, அங்கலேஷ்வர் என்று தள்ளித்தான் இருக்கும். பெண்ணை அனுப்ப மாட்டோம் என்றால் இப்போதே சொல்லிவிடுங்கள்.

"கெமிக்கல்னா கல்யாணத்துல கேட்கிறவங்களுக்கு என்னங்க சொல்றது?" என்றார் மாமா. கேட்கிறவர்கள் கட்டணம் கட்டப் போவதில்லை என்றேன். அந்த எம்.பி.பி.எஸ். இடம் முடிக்கும்போது ஒரு கோடியைத் தாண்டும். அதற்கு மேல் பி.ஜி. என்று மறுபடி வரிசையில் நிற்க வேண்டும். கவுன்சலிங்கில் அரசு ஒதுக்கீட்டில் பி.டெக். கெமிக்கல் எடுத்தால் விடுதியையும் சேர்த்து அதில் பத்தில் ஒரு பங்குகூட ஆகாது. உங்கள் வீட்டில் முதல் பட்டதாரி இவள்தான் என்றால் கட்டணச் சலுகையும் உண்டு. தோட்டத்தின் மேல் கை வைக்கும் எந்தத் திட்டத்துக்கும் நான் ஆலோசனை சொல்ல மாட்டேன், அண்ணா. வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

விருப்பப் பட்டியலில் முதலில் கிண்டி ஏ.சி. டெக் என்கிற அழகப்பா தொழில்நுட்பக் கல்லூரி, அப்புறம் கோவை சி.ஐ.டி., பெருந்துறை கொங்கு பொறியியல் கல்லூரி. இன்ஜினியரிங்கைவிட வேதியியல்தான் பிடிக்கிறது என்று அவள் சொன்னால் பி.எஸ்சி. சேர்ந்து, ஜாம் தேர்வு வழியாக ஐ.ஐ.டி.யில் எம்.எஸ்சி. போகலாம். எந்த வழி என்பதை அவள்தான் முடிவு செய்ய வேண்டும். மாமாவும் அல்ல, நானும் அல்ல. புதன்கிழமைக்குள் யோசித்துவிட்டு வரட்டும். வரும்போது அந்த நோட்டை மறக்க வேண்டாம். கலக்காத டம்ளரில் மீதி ஓடு எப்போது கரைந்தது என்று அதில் எழுதவே இல்லை.